புத்தகமாகக் கடல் தாண்டிய பூட்டு

கேள்வி: கட்டற்ற மென்பொருளில் மறையாக்கம் சேர்க்க அப்படி என்னதான் தடை இருந்தது?

பதில்: பூட்டை ஆயுதம் என்றால் தடை வராதா? 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தில் வலுவான மறையாக்கமும் பீரங்கியும் ஒரே பட்டியல். ஃபில் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட பி.ஜி.பி. என்ற மறையாக்க மென்பொருள் இணையத்தில் ஏறி வெளிநாடு போக, அவர்மீது 1993 முதல் 1996 வரை விசாரணை. வட்டில் அனுப்பினால் கடத்தல், அச்சிட்டால் பேச்சுரிமை! ஆகவே நிரலையே புத்தகமாக்கி அனுப்பினார்கள். ஐரோப்பாவில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தார்கள். ஒரு புள்ளி பிசகினாலும் நிரல் ஓடாதே. அதனால் வரிக்கு வரி சரிபார்ப்பு எண் வேறு.

சட்டம் விட்டாலும் காப்புரிமை விடவில்லை. ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறைக்கு அமெரிக்காவில் 2000 செப்டம்பர் வரை உரிமக் கட்டுப்பாடு. அதே ஆண்டுதான் ஏற்றுமதி விதியும் தளர்ந்தது. கணக்குப் போடுவது எளிது. கையெழுத்து வாங்குவதுதான் கடினம்.