அடுத்த பேட்சில் சேர்ந்துகொள்கிறேன்

ராஜபாளையத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். "மில்லில் வேலை" என்று சொன்னால் அந்தக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊரில் செல்லுபடியாகும் சாக்கு அது. அதை நான் கொஞ்சம் தாராளமாகவே செலவழிக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீச்சரிடம் மாலை நேர இந்தி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். இந்த வயதில் பிராத்மிக் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் பி.எஸ். குமாரசுவாமி ராஜா ஒரு காலத்தில் ஒரிசாவுக்கு ஆளுநராகப் போனார். இப்போது ஒரிசாப் பையன்கள் வந்து எங்கள் மில்லில் ஸ்பின்னிங் பார்க்கிறார்கள். சம்பளத்தில் பி.எப். எதற்குப் பிடிக்கிறோம் என்று அவர்களுக்கு விளக்குவது கணக்கு பார்க்கும் என் தலையில் விழுந்தது.

ஆனால் மாதத்தைப் பாருங்கள். 7ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1. 15ஆம் தேதி பி.எப்., ஈ.எஸ்.ஐ. 20ஆம் தேதி 3பி. அப்பாடா என்று நிமிர்ந்தால் சம்பளப் பட்டியல். 1918இல் தொடங்கிய இந்திப் பிரச்சார சபையோ பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு வைக்கிறது. பிப்ரவரியில் மார்ச் கணக்கு முடிப்பு மிரட்டும். ஆகஸ்டில் ஆடிட்டர் மிரட்டுவார். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரை இழுக்க ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். சாயங்காலம் என்னை மேசையிலிருந்து இழுக்கத்தான் ஆள் இல்லை.

"அடுத்த பேட்ச்ல வந்துடுறேன் டீச்சர்" என்பதைப் போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது. பஸ் ஏறி நேரில் போய்த்தான் சொல்வேன். அவ்வளவு தூரம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவதா? கால் கிலோ பால்கோவா. அது வரும் நாளெல்லாம் நான் வகுப்புக்குப் போய்வந்ததாக வீட்டில் நம்பினார்கள். அந்தப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் படிப்பால் எங்கள் வீட்டுக்குள் வந்த அங்கீகாரம் அது ஒன்றுதான்.

என்னோடு சேர்ந்த ஆறாம் வகுப்புச் சிறுமி பிராத்மிக், மத்யமா இரண்டையும் தாண்டி ராஷ்டிரபாஷாவுக்கு வந்துவிட்டாள். "அங்கிள், உங்க ஆபீஸ்ல ரொம்ப வேலையா?" என்று அக்கறையாக விசாரித்தாள். நானும் கௌரவமாகத் தலையாட்டினேன்.

போன வாரம் ஒரிசாப் பையன் ஒருவன் சம்பளச் சீட்டோடு வந்தான். தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி ஒரு வாக்கியம் கட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, தமிழ்லயே சொல்லுங்க. பி.எப். நம்ம பணந்தான, பெறவு வரும்ல?" என்றான்.

"எங்கேடா படிச்ச?"

"அரை நைட் ஷிப்ட்ல."

சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கிற ஷிப்ட் அது.