கம்பியில்லாத் துயரம் குறித்து ஒரு விண்ணப்பம்

மடிக்கணினிகளை உற்பத்தி செய்து தேசமெங்கும் விற்று, விற்ற பின்னர் வாடிக்கையாளர் சேவை என்னும் திருநாமத்தால் தொலைபேசியில் வாத்திய இசை வழங்கிவரும் கம்பெனியாரின் சமூகத்திற்கு, காட்பாடி காந்தி நகர் வாசியும், தங்கள் சரக்கொன்றுக்கு முழுக் கிரயமும் செலுத்திய பாக்கியவானுமாகிய அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்:

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று அது நீண்டுகொண்டே போகும். இவற்றுள் கோயிலின் குறை, 1981-ஆம் ஆண்டு ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் மீண்டும் எழுந்தருளியதோடு நிவர்த்தியாயிற்று; காலியான அந்த ஸ்தானத்தை நிரப்பத் திருவுளங்கொண்டுதான் போலும், தாங்கள் வைஃபை இல்லாத லேப்டாப் ஒன்றை எங்கள் ஊருக்கு அருளியிருக்கிறீர்கள்.

மத்தியானம் மூடிவைத்த பெட்டியைச் சாயங்காலம் திறந்தபோது, திரையின் மூலையில் இருந்த வைஃபை சின்னம் மறைந்து, அவ்விடத்தில் ஒரு பூகோள உருண்டை உட்கார்ந்திருந்தது. அதே கூடத்தில், அதே ரூட்டரின் தயவில், என் மனைவியின் கைப்பேசியில் சீரியல் தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருந்தபடியால், பழுது பெட்டிக்குள்தான் என்று அனுமானிக்கத் தர்க்க சாஸ்திரம் கற்றிருக்க வேண்டியதில்லை. தங்கள் பிரதிநிதியோ, "நெட் கம்பெனியைக் கேளுங்க சார்" என்றார். நெட் கம்பெனியார், "லேப்டாப்காரங்களைக் கேளுங்க சார்" என்றார்கள். எங்கள் வட்டாரத்துத் தோல் பதனிடும் சாலைகளில் பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, மயிர் களைந்து, சதை சீவி வழிக்குக் கொண்டுவருவார்கள். வாடிக்கையாளனைத் தாங்கள் பதனிடும் கிரமமும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. முதலில் இசையில் ஊறினேன். பிறகு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற உபதேசம் கிடைத்தது. அது பலிக்காமற்போகவே விண்டோஸையே அழித்துப் புதிதாக ஏற்றச் சொன்னார்கள். முடிவில் மதர்போர்டை மாற்ற வேண்டுமென்றும், வாரண்டி காலாவதியாகிவிட்டதென்றும் தீர்ப்பாயிற்று.

தங்கள் மூல மந்திரமாகிய அந்த ஆஃப்-ஆன் விஷயத்தில்தான் அடியேனுக்குப் பெரிய சந்தேகம். எங்கள் மாடியில் குடியிருக்கும் பொறியியல் மாணவன் சொல்லித்தான் தெரிந்தது: 2012-இல் விண்டோஸ் 8 வந்த நாள் முதல், சீக்கிரம் விழித்தெழ வேண்டும் என்ற ஆசையால், 'ஷட் டவுன்' கொடுக்கப்பட்ட இயந்திரம் தன் உள்மையத்தின் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துக்கொண்டு, மறுபடி உயிர்பெறும்போது, பழைய கோளாறு உட்பட, அதையே எடுத்து விரித்துக்கொள்கிறது. 'ரீஸ்டார்ட்' என்பதை அழுத்தினால்தான் சகலமும் ஆதியிலிருந்து தொடங்கும். ஆகவே, தங்கள் பிரதிநிதிகள் பக்தியோடு அணைக்கச் சொன்னபோதெல்லாம், அந்தப் பெட்டி மெய்யாக அணைந்ததே இல்லை. மந்திரத்தை இவ்வளவு சிரத்தையோடு ஓதுகிறவர்களுக்கு அதன் அர்த்தத்தையும் யாராவது சொல்லிவைத்திருக்கலாகாதா?

"தாத்தா, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று அந்தப் பிள்ளை அமர்ந்து, முதலில் ரீஸ்டார்ட் கொடுத்தான். சின்னம் திரும்பி வந்தது. பின்னர், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பெயரைத் தேடிப்பிடித்து, மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அதனை நிறுத்திவைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி வழங்கியிருந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டான். பெட்டி உறங்கப்போகும்போது அட்டையையும் உறங்கவைத்துவிட்டு, விழித்தபின் அதை எழுப்ப மறந்துவிடுகிறதாம். 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமுமாக மதர்போர்டில் செருகிக் கிடக்கும் அட்டை அது. அதன் தூக்கத்துக்காக மதர்போர்டையே மாற்றச் சொன்ன தங்கள் விசால மனசை என்னென்பது!

1933-ஆம் வருஷத்துச் சட்டப்படி கம்பியில்லாக் கருவிக்கு லைசென்ஸ் கேட்டுக்கொண்டிருந்த சர்க்காரே, 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு லைசென்ஸின்றித் திறந்துவிட்டது. ஆகாசம் இனாமாகக் கிடைத்துவிட்ட தேசத்தில் ஒரு டிக்கை எடுக்கும் யோசனையையும் இனாமாகச் சொல்வதால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் நேர்ந்துவிடாது. ஆதலால், இனியேனும் "ஆஃப் பண்ணுங்க" என்பதற்குப் பதிலாக "ரீஸ்டார்ட் கொடுங்க" என்று சொல்லும்படி தங்கள் பிரதிநிதிகளுக்கு ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறேன். தங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வினவி, இணைப்பு அறுந்திருந்த அந்த லேப்டாப்பின் மின்னஞ்சலுக்கே தாங்கள் அனுப்பியிருந்த படிவம் இப்போதுதான் கண்ணில் பட்டது. அதை நிரப்ப வேண்டிய அவகாசம் முடிந்துவிட்டதாக அதிலேயே எழுதியிருக்கிறது.

இங்ஙனம்,
வாரண்டி முடிந்த வாடிக்கையாளன்,
காட்பாடி.