சுத்தம் யாருக்குச் சோறு போட்டது?

"சுத்தம் சோறு போடும்" என்று நான் படித்த பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அந்த எழுத்துக்கு நேர் கீழேதான் பையன்கள் வரிசையாக நின்று சிறுநீர் கழிப்போம். கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி தலைமையாசிரியரின் மேசைக்குள் இருக்கும். சுத்தத்துக்கும் நமக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எழுத்து சுவரில், சாவி வேறெங்கோ.

2020 மார்ச்சில், கொரோனா வந்ததும், அந்தச் சாவி மருந்துக்கடையில் கிடைக்கிறது என்று செய்தி பரவியது. ஊரே ஓடியது.

அதுவரை சானிடைசர் என்பது ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கும் ஏதோ ஒரு சமாச்சாரம். ஒரே வாரத்தில் அது அமிர்தமாகிவிட்டது. அமிர்தம் பங்கிட்டபோது அசுரர்கள்கூட வரிசையாக உட்கார்ந்தார்கள் என்று புராணம் சொல்கிறது. நாம் புராணத்தைவிட முன்னேறியவர்கள், முண்டியடித்தோம். மார்ச் 13 அன்று மத்திய அரசு முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. மார்ச் 21-இல் 200 மில்லி பாட்டில் 100 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பும் விதித்தது. நம் வியாபாரிகள் சட்டத்தை மதிப்பவர்கள். அந்த விலைக்குக் கேட்டவரிடம் "ஸ்டாக் இல்லை சார்" என்று உண்மையைச் சொன்னார்கள். விலை கேட்காமல் வாங்கியவருக்கு உள்ளே இருந்து எடுத்துவந்து கொடுத்தார்கள்.

இந்த ஓட்டத்தில் எல்லோரும் தாண்டிக் குதித்துப் போன பொருள் ஒன்று உண்டு. தெருமுனைக் கடையில் தூசி படிந்து கிடந்த சோப்பு. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு கொழுப்பைக் கரைக்கும். உறை கரைந்தால் வைரஸின் கதை முடிந்தது. எண்ணெய்ச் சட்டி தேய்க்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரும் சோப்பும் கிடைக்காத இடத்துக்குத்தான் சானிடைசர். அதிலும் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருந்தால்தான் பிரயோசனம். ஆனால் பத்து ரூபாய் சோப்பில் என்ன கௌரவம் இருக்கிறது? காரின் முன்பக்கம் பிள்ளையாருக்குப் பக்கத்தில் சோப்பை வைக்க முடியுமா?

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்காரர் நாற்பது பாட்டில் சேர்த்தார். கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைத்ததை அவரே பெருமையாகச் சொன்னார். கீழே வாயிற்காவலருக்கு ஒரு பாட்டில் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "அசோசியேஷன் மூலம் முறையாக வரட்டும்" என்றார். முறையாக எதுவும் வரவில்லை. ஆனால் வாயிலில் ஒரு பதிவேடு வந்தது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுத வேண்டும். அதற்கென ஒரு பேனா, நூலில் கட்டித் தொங்கியது. பால்காரர், கூரியர் பையன், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லோரும் அந்தப் பேனாவைத்தான் பிடித்தார்கள். நாற்பது பாட்டில்காரரும் பிடித்தார்.

கிருமியின் கணக்கு ரொம்ப எளிது. அது கைவிட்டுக் கை போகும், மூச்சுவிட்டு மூச்சு போகும். உங்கள் கை எவ்வளவு பளபளத்தாலும், உங்களுக்குச் சில்லறை கொடுக்கிறவர் கை கழுவ வழியில்லை என்றால் உங்கள் கட்டிலடிக் கிடங்கு வெறும் பிளாஸ்டிக். அரிசியைப் பதுக்கினால் பதுக்கியவனாவது தின்னலாம். சுத்தத்தைப் பதுக்கினால் பதுக்கியவனுக்கே உதவாது. இந்தச் சின்னக் கணக்கு, பிள்ளைகளை நீட் பயிற்சிக்கு அனுப்பும் வீடுகளில் யாருக்கும் வரவில்லை.

"கை கழுவுங்கள்" என்று கைப்பேசியை எடுத்தாலே இருமலோடு சேர்த்து உபதேசம் கேட்டது. எந்தத் தண்ணீரில் என்று அந்தக் குரல் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இந்தச் சென்னை. லாரி வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து, பிளாஸ்டிக் குடங்களை இரவே வரிசைபோட்டு வைத்த பெண்களுக்கு, குழாயைத் திறந்துவிட்டபடி கை கழுவும் முறையைச் சினிமா நடிகர்கள் வீடியோவில் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே பொதுக்கழிப்பறையை ஒரு தெருவே பயன்படுத்தும் இடங்களில் "வீட்டிலேயே தனித்திருங்கள்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். தனித்திருக்க முதலில் ஒரு அறை வேண்டும் என்பதை மைக்குக்காரருக்கு யார் சொல்வது?

இப்போது சென்னையின் கோயம்பேடு சந்தைக்கு வருவோம். 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி ஓர் அறிவிப்பு. 26 ஞாயிறு முதல் 29 புதன் வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு. நான்கே நாள். காய்கறி வண்டிகள் தெருவுக்கு வரும் என்றும் சொன்னார்கள். ஒரு குடும்பம் நான்கு நாள் ரசமும் அப்பளமும் தின்றால் செத்துப்போகாது. ஆனால் 25-ஆம் தேதி சனிக்கிழமை விடிந்தபோது நகரமே கையில் பையோடு தெருவில் நின்றது. மளிகைக் கடை, மீன் மார்க்கெட், காய்கறிச் சந்தை எங்கும் தோளோடு தோள் உரசி, தாடையில் முகக்கவசத்தைத் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு, தக்காளிக்கு அடித்துக்கொண்டோம். கூட்டத்தைக் கலைக்க வேண்டிய அரசு கடை நேரத்தை நீட்டியது. நோயைத் தடுக்கப் போட்ட ஊரடங்குக்கு முன்னோட்டமாக, நோய்க்கு ஒரு திருவிழா நடத்திக் கொடுத்தோம். அமாவாசைக்கு முதல் நாள் வாழைக்காய் வாங்குவது மாதிரி ஒரு பெருந்தொற்றை எதிர்கொண்ட சமூகம் நாம்.

அடுத்த சில நாட்களில் கோயம்பேடு சந்தை நோயின் மையமானது. மே 5-இல் இழுத்து மூடினார்கள். கடைகள் திருமழிசைக்குப் போயின. மூட்டை தூக்குகிறவர்களும் கூலிக்காரர்களும் கிடைத்த லாரியில் ஏறி அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் ஊர் திரும்பினார்கள். நோயும் உடன் போனது. உடனே தொலைக்காட்சிகள் அவர்களுக்குப் பெயர் வைத்தன: "கோயம்பேட்டிலிருந்து வந்தவர்கள்". காரில் வந்து முண்டியடித்துத் தக்காளி அள்ளிக்கொண்டு அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் போனவர்களும் கோயம்பேட்டிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களுக்கு வாடிக்கையாளர் என்று பெயர். மூட்டை தூக்கியவன் கிருமி. மூட்டை வாங்கியவன் குடிமகன்.

ஓராண்டில் ஆட்சி மாறியது. 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று 22-ஆம் தேதி அறிவித்து, இரண்டு நாள் இரவு ஒன்பது மணிவரை கடைகளைத் திறந்துவிட்டார்கள். ஆட்சி மாறியிருந்தது, தக்காளி வரிசை மாறவில்லை.

அந்த மே மாதம் இன்னொரு வரிசையும் நின்றது. ரெம்டெசிவிர் மருந்துக்குக் கீழ்ப்பாக்கத்தில் இரவெல்லாம் சாலையில் படுத்துக் கிடந்தவர்கள், பிறகு நேரு விளையாட்டரங்க வாசலில் வெயிலில் காய்ந்தவர்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஒவ்வொருவருக்கும் பின்னால் மூச்சுக்குத் திணறும் ஓர் உயிர் இருந்தது. அந்த மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. தெரிந்தும் சீட்டெழுதி, "எங்கிருந்தாவது வாங்கிட்டு வாங்க" என்று உறவினர் கையில் திணித்துவிட்டு ஏசி அறைக்குள் போன ஆஸ்பத்திரிகளைத்தான் கேட்க வேண்டும். கள்ளச்சந்தைக்காரனாவது பிடிபட்டால் உள்ளே போனான்.

நோயைவிட வேகமாகப் பரவியது ஒரு வாட்ஸப் வாக்கியம்: "முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல." வாசலில் செம்பில் தண்ணீர் வைத்தார்கள், மஞ்சள் தெளித்தார்கள், வேப்பிலை கட்டினார்கள், கை கொடுக்காமல் கும்பிட்டார்கள், பார்த்தீர்களா விஞ்ஞானத்தை! பார்த்தோம். அதே முன்னோர்கள்தான் டீக்கடையில் இரட்டைக் குவளையும் வைத்தார்கள். செம்புத் தண்ணீர் யாருக்கு, கொட்டாங்குச்சி யாருக்கு என்பதையும் அந்த விஞ்ஞானமே வகுத்திருந்தது. "தள்ளி நில்" என்று சொல்ல ஒரு சமூகம் இவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டது என்றால், அது புதிதாகப் பழகவில்லை என்று அர்த்தம்.

நிரூபணம் அடுக்குமாடிகளில் கிடைத்தது. முதலில் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களை வாயிலில் நிறுத்தினார்கள். பல வீடுகளில் சம்பளத்தையும் சேர்த்தே நிறுத்தினார்கள். இரண்டு மாதம் பாத்திரம் தேய்த்து இடுப்பு பிடித்ததும் அறிவியல் மனப்பான்மை திரும்பியது. வரலாம், ஆனால் லிஃப்டில் ஏறக் கூடாது. விமானத்தில் வந்திறங்கிய நோய்க்கு லிஃப்டில் இடமிருந்தது. படிக்கட்டில் ஏறிவந்து நம் எச்சில் தட்டைக் கழுவியவரிடம்தான் கிருமி இருந்தது.

நடுவில் சில வேடிக்கைகளும் நடந்தன. 2020 ஏப்ரலில் திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று வைத்தார்கள். உள்ளே நடந்தால் மேலே மருந்து தூவும். ஊர் ஊராகப் போட்டி போட்டுக்கொண்டு வைத்து, ரிப்பன் வெட்டி, படம் பிடித்தார்கள். நோய் இருப்பது நுரையீரலில். நாம் கழுவியது சட்டையை. அந்த மாதம் முடிவதற்குள் மனிதர்மீது இப்படித் தெளிக்கக் கூடாது, கண்ணுக்கும் தோலுக்கும் கேடு என்று மத்திய சுகாதாரத் துறையே சொல்லிவிட்டது. மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு மாடியில் நின்று தட்டு தட்டினோம், மருத்துவர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றியாக. சரியாக நான்கு வாரம்தான் ஆனது. ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவைசிகிச்சை மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் இதே சென்னையில் ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்கள். ஓட்டுநரின் மண்டை உடைந்தது. சக மருத்துவர் திரும்பிவந்து, கையால் மண் தள்ளிப் புதைத்தார். தட்டு தட்டிய கைகளுக்குக் கல்லும் கனமாக இல்லை.

தொற்று ஓய்ந்தது. நாற்பது பாட்டிலும் காலாவதியாகி, ஒருநாள் மொத்தமாகக் குப்பைத் தொட்டிக்குப் போயின. கண்டக்டர் மறுபடி எச்சில் தொட்டுச் சீட்டுக் கிழித்தார். மறுபடி பேருந்து ஜன்னலிலிருந்து துப்புகிறோம். பள்ளிக் கழிப்பறைகள் பலவற்றில் மறுபடி தண்ணீர் இல்லை. குப்பைக்குப் போன அந்தப் பாட்டில்களைக் கையுறை இல்லாத ஒரு கை பொறுக்கித் தனியே எடுத்துவைத்தது.

அந்தக் கைக்காரர்களைத் துப்புரவுப் பணியாளர் என்று அழைக்கக் கூடாது, தூய்மைப் பணியாளர் என்றே அழைக்க வேண்டும் என 2020-இல் பெயர் மாற்றினோம். காலைக் கழுவித் தொட்டு, மாலை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டோம். பெயர் மாற்றக் காசு ஆகாது.

2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். எங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள், நிரந்தரமாக்குங்கள் என்றார்கள். கொரோனாக் காலத்தில், நாம் கட்டிலுக்கு அடியில் பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தபோது, தெருவில் நின்றவர்கள் அவர்களில் பலர். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை இழுத்துப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனது.

சுத்தம் சோறு போடும் என்று சுவரில் எழுதியிருக்கிறோம். சுத்தம் செய்தவர்கள் வந்து சோறு கேட்டபோது, இரவோடு இரவாக வாசலைச் சுத்தம் செய்துவிட்டோம்.