அடுத்த பாட்டு அண்ணன்

ஈப்போ வட்டாரத்தில் எந்தக் கல்யாண விருந்துக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். மேடை ஓரத்தில், கீபோர்டுக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே நிற்பார். பாட வந்தவர் போலவும் இருக்கும், ஒயர் பார்க்க வந்தவர் போலவும் இருக்கும். கையில் நாலாக மடித்த தாள். சட்டைப் பையில் ஹேக்ஸ் மிட்டாய். "அண்ணே, அடுத்த பாட்டு நீங்கதானே?" என்று கேட்டால், "இன்னும் ஒரு பாட்டு போகட்டும்லா தம்பி" என்பார். எனக்குத் தெரிந்து பதினைந்து வருடமாக அந்த ஒரு பாட்டு போய்க்கொண்டிருக்கிறது.

நான் அந்த மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறவன். 'அடுத்த பாட்டு அண்ணன்' என்பது வாத்தியக்காரர்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்ட பேர். இது ஒரே ஆளுடைய பேரும் இல்லை. சுங்கை சிப்புட்டில் ஓர் அடுத்த பாட்டு அண்ணன் உண்டு. புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுக்கும் வாசனைக்கு நடுவே இரண்டு பேர் உண்டு. தைப்பிங் பக்கம் வாசிக்கப் போனால் அங்கேயும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவர் வணக்கம் சொல்வார்.

நான் சொல்லவந்த அண்ணனைப் பாடத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாடத் தெரியாதவனுக்கு மேடைப் பயம் வந்து நான் பார்த்ததில்லை. சுருதி என்றால் என்ன நிறம் என்று கேட்கிறவன், கூப்பிடுவதற்கு முன்பே மேடைக்கு வந்துவிடுவான். அவனிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் வரவேண்டும். அண்ணன் நிஜமாகவே பாடகர். கப்சாய் மோட்டாரில் அவர் போகும்போது சிக்னலில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். தலைக்கவசத்துக்குள் பாடிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டால் அது ஒரு சின்ன ஸ்டுடியோ. எக்கோவும் உண்டு, கேட்க ஆளும் கிடையாது. பச்சை விழுந்ததும் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அண்ணன் சரணத்தை முடித்துவிட்டுத்தான் கியர் போட்டார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் 1877 என்பது என் கட்சி. அந்த வருடம்தான் கோலகங்சாரில், ரெசிடெண்ட் ஹியூ லோவின் காலத்தில், ரப்பர்க் கன்றுகள் நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிறகு பேராக் முழுக்க ரப்பர், ரப்பரோடு நாம். அண்ணன் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் லயத்தில். பள்ளிக்கூடம் போவதற்கு முன் அம்மாவோடு மரம் வெட்டப் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் வெளுப்பதற்குள் தொடங்கும் வேலை அது. தலையில் விளக்கு, கையில் கத்தி. கோடு இழுத்து, பால் மங்குக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த மரம். ஓர் ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். இருட்டில் பயம் தெரியாமலிருக்க அம்மா பாடச் சொல்வார். பையன் பாடினான்.

இப்படி ஒரு சபை உலகத்தில் எந்த வித்துவானுக்கும் வாய்த்ததில்லை. ஐந்நூறு பேர், ஒரே நேர்கோட்டில், அசையாமல். எவரும் பாதியில் எழுந்து போகவில்லை. எவரும் கைபேசியை உயர்த்தவில்லை. இரண்டாவது சரணத்தின் முதலடி மறந்துபோனால் "ம்ஹூம்" என்று எவரும் உதட்டைப் பிதுக்கவில்லை. அண்ணனைக் கோலகங்சார் மரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள், மூன்று மணி நேரம் பாடுவார்.

இரண்டாவது சரணம் என்று சொன்னேனே, அதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பல்லவி யாருக்கும் மறக்காது. முதல் சரணமும் எப்படியோ வந்துவிடும். அதற்குப் பிறகு இடையிசை வரும். நாங்கள் வாசித்துக்கொண்டிருப்போம், பாடுகிறவருக்கு வேலை இருக்காது. அந்த இருபது விநாடிதான் ஆளைக் கொல்லும். கண் சும்மா இருக்காமல் முன்வரிசைக்குப் போகும். முன்வரிசையில் எட்டாம் லயத்துப் பெரியம்மா உட்கார்ந்திருப்பார்.

அண்ணனின் வியாதி அங்கேதான் இருக்கிறது. தோட்டம் செம்பனைக்கு மாறி, சனங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தாலும், கல்யாணம் என்று வந்தால் லயம் அப்படியே மேசை மேசையாக வந்து உட்கார்ந்துவிடும். அண்ணனுக்கு அரைஞாண் கட்டியவர் மூன்றாம் மேசையில். கணக்கில் முட்டை வாங்கிய கதையை இன்னும் சொல்லித் திரிகிறவர் ஐந்தாம் மேசையில். அறிவிப்பாளர் வேறு ஒலிபெருக்கியில், "அடுத்து, நம்ம எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச..." என்று தொடங்குவார். அந்தத் 'தெரிஞ்ச' காதில் விழுந்த கணமே அண்ணன் டாய்லெட்டில் இருப்பார்.

ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். "தம்பி, சின்ன வயசுல பெரட்டுக்களத்துல அம்மா பக்கத்துல நிப்பேன். கிராணி செக்ரோல வச்சிக்கிட்டு பேர் கூப்புடுவாரு. தனியா நிப்பாட்டி ஒருத்தர் பேரக் கூப்புட்டா என்னா அர்த்தம்? திட்டு விழப்போவுதுன்னு அர்த்தம். இன்னிக்கும் மைக்குல என் பேரக் கேட்டா, வெட்டுன மரத்துல காயம் பட்டுப்போச்சோன்னுதான் நெனைக்கத் தோணுது."

கூட்டத்துக்கு அவர் பயப்படுவதில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி உண்டு. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரைக்கும் உறுமி அடித்துக்கொண்டே போவார். ரோடு கொள்ளாத சனம். அண்ணன் முகத்தில் ஒரு துளி கலக்கம் இருக்காது, வேர்வைதான் இருக்கும். ஏனென்று கேட்டேன். "எல்லாரும் காவடியத்தான பாக்குறாங்க" என்றார்.

மேடையில் நடப்பது வேறு. சிறுநீரகத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிக்கு உலக ஞானம் குறைவு. எதிரே இருப்பது பெரியம்மா என்று அதற்குத் தெரியாது. புலி என்று நினைத்துக்கொண்டு, ஓடுவதற்குத் தேவையான ரத்தத்தைக் காலுக்கு அனுப்பும். கை சில்லிடும். எச்சில் வற்றி நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு அடிவயிற்றை விட்டு மேல்நெஞ்சுக்கு வந்து நிற்கும். நாங்கள் பாட்டின் வேகத்தில் வாசிக்க, அவர் தன் நெஞ்சுத் துடிப்பின் வேகத்தில் பாடுவார். மைக்கை மட்டும் பாம்பைப் பிடித்த மாதிரி எட்டவே பிடிப்பார். சத்தம் வரவில்லையே என்று சவுண்டுக்காரர் ஏற்றுவார், ஸ்பீக்கர் 'கீ' என்று அலறும். புலியிடமிருந்து ஓடித் தப்பியவர்கள் உண்டு. பெரியம்மாவிடமிருந்து ஓடினால் அடுத்த கல்யாணத்தில் கேட்பார்.

வைத்தியம் செய்யாமல் இல்லை. பனங்கற்கண்டு, அதிமதுரம், இஞ்சிச் சாறு, தேன் எல்லாம் ஆயிற்று. தொண்டைக்கு நல்லது; பயம் தொண்டையில் இருந்தால்தானே. ஒரு மாமா தன் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்து நீட்டினார். மாமாவுக்குத் தெரியாமலே அதில் கொஞ்சம் விஞ்ஞானம் இருந்தது. 1960களில் ஜேம்ஸ் பிளாக் இதயத்துக்காகக் கண்டுபிடித்த பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை, வாத்தியக்காரர்களின் கைநடுக்கத்தைக் குறைக்கிறது என்று 1977ல் லான்செட் இதழில் கட்டுரையே வந்திருக்கிறது. ஆனால் ஆஸ்துமாக்காரர் அதைத் தொட்டால் மூச்சே அடைத்துக்கொள்ளும். அண்ணனுக்கு இழுப்பு உண்டு. மாத்திரையை மாமாவின் பையிலேயே திரும்பப் போட்டேன்.

ஒருமுறை அண்ணன் மேடையேறி மைக்கைத் தொட்ட நேரத்தில் மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. அந்த இருட்டிலும் அவர் முகம் பிரகாசித்ததைப் பார்த்தேன். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் ஞாபகம் வந்தது. 1901ல் அமெரிக்காவில் மலையேறும்போது உருண்டு வந்த பாறை அவருடைய இடது கையை நசுக்கியது. கையைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, 'கடவுளே நன்றி, இனி வாசிக்க வேண்டியதில்லை' என்பதுதானாம். அவரே சொன்னது. உலகமே கொண்டாடிய மனிதர் அவர். வாழ்நாள் முழுக்கக் கச்சேரிக்கு முன் நடுங்கியவர். அண்ணனிடம் சொன்னேன். "கை சரியாயிருச்சா அவருக்கு?" என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். "பாவம்" என்றார்.

அவர் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் லட்சணம் தனி. 'கேளடி கண்மணி'யில் எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடியதாகப் பேர்பெற்ற பாட்டுதான் வேண்டும் என்பார். நிற்கும்போதே மூச்சு வாங்குகிற மனிதர்! சின்ன வயதிலிருந்து கோயில் பஜனையில் பாடிய டி.எம்.எஸ்.ஸின் முருகன் பாட்டு ஒன்று அவர் ரத்தத்திலேயே இருக்கிறது. "அத எல்லாரும் பாடுவாங்க தம்பி" என்று ஒதுக்கிவிடுவார்.

இந்த இடத்தில் நான் கரப்பான்பூச்சியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 1969ல் ராபர்ட் சையன்ஸ் என்ற உளவியல் அறிஞரும் கூட்டாளிகளும் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டு, பக்கவாட்டில் கண்ணாடிப் பெட்டிகளில் வேறு கரப்பான்பூச்சிகளை ரசிகர்களாக உட்கார வைத்தார்கள். நேரான பாதையாக இருந்தால், பார்வையாளர் இருக்கும்போது பூச்சி இன்னும் வேகமாக ஓடியது. வளைந்து திரும்ப வேண்டிய பாதையாக இருந்தால் தடுமாறித் தாமதித்தது. நாலு பேர் பார்க்கும்போது பழகின காரியம் மெருகேறும், பழகாத காரியம் கெட்டுப்போகும். கர்நாடக வித்துவான்கள் கச்சேரியை வர்ணத்தில் தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். பால பாடத்திலிருந்து ஆயிரம் தடவை பாடிப் பாடி நாக்கே தனியாகப் பாடிவிடும். அதற்குள் மனசு வந்து சேர்ந்துகொள்ளும். அண்ணனிடம் கரப்பான் கதையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "என்னியப் போயி..." என்றார். இரண்டு வாரம் பேசவில்லை.

சமாதானம் ஆன பிறகு, போன வருடம் ஒரு விருந்தில், இன்னொன்றைச் சொல்லிப் பார்த்தேன். 2014ல் ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற பேராசிரியை ஆட்களைக் கரோக்கே பாடவைத்து, பாடியதற்கு மெஷினில் மார்க் போட்டார். பாடுவதற்கு முன் 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொன்னவர்களுக்குச் சராசரியாக 53. ஒன்றும் சொல்லாதவர்களுக்கு 69. 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொன்னவர்களுக்கு 80. படபடப்பை அடக்கப் பார்க்காமல் அதற்கு வேறு பேர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். "நெஞ்சு அடிச்சா அடிக்கட்டும்ணே. உற்சாகம்னு சொல்லிக்குங்க. வாய்விட்டுச் சொல்லணும், அதான் கணக்கு" என்றேன்.

அண்ணன் திரைக்குப் பின்னால் போனார். கையில் கார்ட்லெஸ் மைக் இருந்ததை நானும் கவனிக்கவில்லை, அது ஆனில் இருந்ததைச் சவுண்டுக்காரரும் கவனிக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது: "எனக்கு உற்சாகமா இருக்கு. எனக்கு உற்சாகமா இருக்கு. எனக்கு உற்சாகமா இருக்கு." மாப்பிள்ளையின் அப்பா எழுந்து கைதட்டினார். அதற்கு அடுத்தது: "ஐயோ முருகா, வயித்தக் கலக்குதே."

சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அன்றோடு அண்ணன் மேடைக்கு முழுக்குப் போட்டிருப்பார். காப்பாற்றியது ஆட்டிறைச்சிப் பிரட்டல். சமையல்கட்டில் தாமதமாகிக் காத்திருந்த அயிட்டம் அது. சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே வந்தது. மண்டபத்துத் தலைகள் அத்தனையும் அந்தப் பக்கம் திரும்பின. பெரியம்மாவின் தலையும் திரும்பியது.

"அண்ணே, ஒருத்தர்கூடப் பாக்கல. பாடுங்க!"

எஸ்.பி.பி. பாட்டின் தாளை அவர் விரிப்பதற்குள் நான் முருகன் பாட்டின் சுருதியைப் பிடித்துவிட்டேன், ஒரு கட்டை இறக்கி. சவுண்டுக்காரர் தன் தவற்றுக்குப் பரிகாரமாக எக்கோவைக் கொஞ்சம் கூட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பாடினார். அவ்வளவு பெரிய கூட்டம் குனிந்து மென்றுகொண்டிருந்தது. மேடையிலிருந்து பார்க்க, வரிசையாக நடப்பட்ட கன்றுகள் மாதிரி இருந்தது. இடையிசை வந்தது. இரண்டாவது சரணம் வந்தது. முதலடி வந்தது! நான் ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டேன், அண்ணன் விடவில்லை. கடைசி மேசையருகே ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கேட்டரிங் அக்கா வாளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். மற்றவர்கள் கையில் பிரட்டல் இருந்தது.

இறங்கி வந்தபோது அண்ணன் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. முன்மேசைப் பெரியம்மா எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இப்ப ஓடுச்சே, அது ரேடியோவாடா? நல்லா இருந்துச்சு" என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த மாதக் கல்யாணத்துக்கும் பேர் கொடுத்திருக்கிறார். ஏழாவது பாட்டு. எட்டாவதாக மாற்ற முடியுமா என்று நேற்று போன் செய்தார்.

ஆகவே ஈப்போ பக்கம் விருந்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து, ஹேக்ஸ் மிட்டாயை விழுங்கிக்கொண்டே ஒருவர் மைக்கை நோக்கி நடந்து வந்தால், தயவுசெய்து நிமிராதீர்கள். கைபேசியை எடுக்காதீர்கள். பிரட்டல் இருந்தால் பிரட்டலைப் பாருங்கள். தீர்ந்துபோயிருந்தால் தட்டையாவது பார்த்துக்கொண்டிருங்கள்.