மிச்சம் பிடிச்ச துட்டை எடு பாப்போம்

வாங்கு ராசா, தாராளமா வாங்கு. நீ வாங்கலேன்னா அந்தக் கம்பெனிக்காரன் வீட்டுல இன்னைக்கு உலை கொதிக்காது. பாவம், ராத்திரி பதினோரு மணிக்கு உனக்கு மெசேஜ் போட்டு "இன்னும் ரெண்டே ரெண்டுதான் இருக்கு"ன்னு சொல்லுதான். சொந்தத் தாய்மாமன்கூட அந்நேரத்துல உன்னை நெனைக்க மாட்டான்.

ஆமா, சம்பளம் எவ்வளவுன்னு சொன்னே? 22,000 ரூவாயா? சென்னையில ரூம் வாடகை 7,000, மெஸ்ஸுக்கு 4,500, அம்மைக்கு அனுப்புதது 5,000. பஸ்ஸு, ரீசார்ஜுன்னு ஒரு 2,000 போவட்டும். நிக்கது 3,500. அதுக்குள்ள, 2,499 ரூவா செருப்பை 999க்கு வாங்கிட்டேன், 1,500 மிச்சம் பிடிச்சிட்டேன் ஆச்சின்னு மார் தட்டுதே. கெட்டிக்காரன். அந்த 1,500ஐ எடு பாப்போம். எடுலே. சட்டைப் பையில பாரு, பேண்டுப் பையில பாரு. எனக்கு வெத்தலைக்கு அம்பது ரூவா போதும், மீதியை நீயே வச்சுக்கோ. என்ன முழிக்கே? அப்போ யாரு பையிலலே மிச்சம் பிடிச்சே?

2,499ன்னு எழுதினது யாருன்னு நெனச்சே? செருப்பு செஞ்சவனேதான். எம்.ஆர்.பி. விலைக்கு மேல விக்கக் கூடாதுன்னுதான் சட்டம். அந்த விலை எவ்வளவு இருக்கணும்னு மருந்து மாத்திரை மாதிரி சிலதுக்குத்தான் சர்க்கார் கட்டுப்பாடு போடும், உன் செருப்புக்கு எவன் போட்டான்? அவனே எழுதுவான், அவனே கோடு போட்டு அடிப்பான், நீ வாயைப் பொளந்து பாப்பே. பாட்டா கடையில 99.95ன்னு எழுதி வச்ச காலத்துலயே அஞ்சு பைசாவுக்கு மயங்கின சனம்தான் நாம. அந்த அஞ்சு பைசாவைச் சேத்து வச்சு எவன் வீடு கட்டினான், சொல்லு.

இங்க மட்டும் என்ன வாழுது? நெல்லையப்பர் ஆனித் தேரு நிலைக்கு வந்து சேர வேண்டியதுதான், ரத வீதியில ஆடித் தள்ளுபடி போர்டு ஏறிரும். ஆடியில கல்யாணம் கிடையாது, முகூர்த்தப் பட்டுக்கு ஆள் வராது. தீபாவளிச் சரக்கு வந்து எறங்கதுக்கு முன்ன பழைய சரக்கு ரேக்கை விட்டுப் போவணும். கடைக்காரன் ஒட்டடை அடிக்க நீ கூலி குடுக்கே, அவ்வளவுதான். சும்மா குத்தம் சொல்லப்பிடாது, வீட்டுக்கு ரெண்டு போர்வை வேணும்னு சித்திரையிலயே நெனச்சு வச்சிருந்தா ஆடியில வாங்கதுதான் புத்தி. போர்வைக்கு என்ன ஃபேஷனா மாறிப்போவும்? கடைக்குள்ள போன பொறவு நெனைக்கான் பாரு, அவன்தான் அவுட்டு.

போன வாரம் ஒரு சோப்பு டப்பா வந்துச்சே, எதுக்குலே அது? குளிக்கது பைப்படியில, சோப்பு வைக்கது செவுத்து மேல. கேட்டா, டெலிவரிக்கு 40 ரூவா கேட்டான், 499க்கு மேல வாங்கினா ஃப்ரீன்னான், அதனால 180 ரூவாய்க்கு இதையும் சேத்துப் போட்டேன்னு சொல்லுதே. இந்தக் கணக்கை உன் தாத்தா உயிரோட இருந்து கேட்டிருந்தா, உன்னைப் படிக்க வச்ச வாத்தியாரைத் தேடிப் போயிருப்பாரு.

இப்போ புதுப் போன் ஆசை வேற. 24,000 ரூவா, மாசம் 2,000, பன்னெண்டு மாசம், வட்டியே கிடையாதாம். அடேயப்பா, தர்மப் பிரபு! வட்டியில்லாத் தவணைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013ல சொல்லியாச்சு. பேங்குல இருந்த உன் பெரியப்பன்தான் எனக்கு வெளக்கினான். மொத்தமாக் குடுக்கவனுக்குக் கிடைக்க தள்ளுபடி உனக்குக் கிடைக்காது. அதுதான் உன் வட்டி. அது போவ பிராசசிங் பீஸு, அந்தப் பீஸு மேல 18 சதம் ஜி.எஸ்.டி., எல்லாம் எறும்பு சைஸ் எழுத்துல கெடக்கும். வட்டிக்கு விடுதவனாவது வாசல்ல நின்னு கத்துவான், தெருவே பாக்கும், நமக்கு ரோசம் வரும். இவன் அஞ்சாம் தேதியானா சத்தமில்லாம கணக்குல இருந்து உருவிட்டுப் போயிருதான். 3,500ல 2,000 போச்சுன்னா, மெஸ்ஸுல சாப்பிடுத வீடியோவைத்தான் அந்தப் போனுல பாக்கணும்.

சரி, ஆசை போவாதுன்னா ஒண்ணு செய்யி. போன்ல கூடைன்னு ஒண்ணு இருக்காமே, அதுல பூராத்தையும் போடு. போட்டுட்டுத் தூங்கு. அடுத்த அமாவாசைக்குத் தொறந்து பாரு, பாதியை எதுக்குப் போட்டோம்னே ஞாபகம் இருக்காது. சில நேரம் அவனே "மறந்துட்டீங்களே"ன்னு வெலையைக் கொறச்சுட்டு வருவான். அப்பவும் அசையாதே. கார்டை போன்லயே சேமிச்சு வச்சிருக்கியே, அதை அழிச்சிரு. எந்திரிச்சுப் போயி கார்டைத் தேடி, நம்பரைப் பாத்துப் பாத்து அடிக்கதுக்குள்ள கொட்டாவி வந்திரும். சம்பளம் விழுத கணக்கு வேற, போன்ல துட்டு அனுப்புத கணக்கு வேறன்னு வையி. போன் கணக்குல 1,500க்கு மேல இருக்கப்பிடாது.

ஆச்சிக்கு ஆசை இல்லையான்னுதானே கேக்கே? இல்லாமலா! டவுனுக்குப் போனா ஜவுளிக் கடைக்குள்ள நுழையாம வர மாட்டேன். சுருக்குப்பையில பஸ்ஸுக்கு மட்டும் சில்லறை. மெத்தையில சம்மணம் போட்டு உக்காந்து, ஏசியில வேர்வை ஆத்தி, நாப்பது சேலையை விரிக்கச் சொல்லி, ஒவ்வொண்ணையும் தொட்டுத் தடவி, முந்தியை மாருல போட்டுக் கண்ணாடியில பாத்து, குடுத்த காப்பியையும் குடிச்சிட்டு, "பார்டரு ரெண்டு விரக்கடை கூடிப்போச்சுய்யா"ன்னு எந்திரிச்சிருவேன். அதுலயே ஆசை தீந்திரும். இப்பல்லாம் என் தலை தெரிஞ்சாலே அந்தக் கடைக்காரப் பய வாசல்ல வச்சே சொல்லிருதான், "ஆச்சி, இன்னைக்குக் காப்பி இல்ல."