சேர் சொன்ன குளிசை

ஓய்வுபெறும் வரை மொனராகலை றப்பர் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். பெயர் தெரியாத மருந்தைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்ன அதே வாயால், வாரச் சந்தையில் வாங்கிய பெயரில்லாக் குளிசையை விழுங்கினேன். முழங்கால் வலிக்கு. லேபல் ஒட்டாத பொலித்தீன் பை. "நூறு வீதம் மூலிகை, சேர்" என்ற உத்தரவாதம். 'சேர்' என்றதில் குளிர்ந்துபோய் விலைகூடப் பேசவில்லை.

மறுநாளே வலி போனது. எந்த மூலிகையும் இவ்வளவு அவசரப்படாது என்று அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது பசிதான். முகம் உருண்டது. "பென்ஷன் நல்லா ஒட்டுது சேர்" என்றார்கள், நானும் நம்பினேன். பெருந்தன்மையாக மீதிக் குளிசைகளை மச்சானுக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தினேன்.

பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, தலைச்சுற்று. "வேற மருந்து ஏதும் எடுத்தீங்களா?" என்று டொக்டர் கேட்க, "இல்லை" என்றேன். "பொய் சொல்றாரு டொக்டர்" என்றாள் மனைவி.

முகத்தைப் பார்த்தே டொக்டர் ஊகித்தார்: ஸ்டீரொயிட். மூட்டுவலிக்கு விற்கும் 'மூலிகை'யில் டெக்ஸாமெதசோனையோ பிரெட்னிசோலோனையோ ஒளித்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட பழைய வித்தை. வெளியிலிருந்து ஸ்டீரொயிட் வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பி கோர்ட்டிசோல் சுரப்பதைக் குறைத்துவிடும். குளிசையைத் திடீரென விட்டால் உடம்பில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். இந்தச் சுரப்பியைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்!

எனக்குத் துணை உண்டு என்று பின்னர் வாசித்து ஆறுதலடைந்தேன். 2008இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரில், நீரிழிவே இல்லாத ஏறத்தாழ 150 பேர் இரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அநேகமாக எல்லாரும் ஆண்கள். 127 பேரிடம் நீரிழிவு மருந்தான கிளிபென்கிளமைட் இருந்தது. களவாக விற்ற 'ஆண்மை' மருந்துகளில் அது கலந்திருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கேட்டபோது உண்மையை ஒப்புக்கொண்டவர்கள் சிலரே. அவர்களுக்காவது வெட்கப்பட ஒரு காரணம் இருந்தது. எனக்கு வெறும் முழங்கால்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மருந்தை அதன் பொதுப் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று போராடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. பிபிலை எங்கள் மாவட்டத்து ஊர். அவரைப் பற்றிப் பாடசாலையில் பேச்சுப் போட்டியே நடத்தியவன் நான்.

தேறியதும் மச்சான் வீட்டுக்குப் போனேன். தானாக நிறுத்தாமல் உடனே டொக்டரிடம் வரச் சொன்னேன். சோதனைக்கு அனுப்ப மீதிப் பையையும் கேட்டேன்.

"அதுவா மச்சான்? நீங்க சொன்ன மருந்தாச்சேன்னு பாதிய வெல்லவாயச் சம்பந்திக்குக் குடுத்தேன். அவரு அங்க நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுத்தாராம். எல்லாருக்கும் நல்லாக் கேக்குதாம்."