இல்லத் தூண்டியியல்: தொகையும் வகையும் விரியும்

மாணாக்க! ஊரார் வீசிங் என்று வழங்கும் ஈளைநோய் உடைய சிறார் வாழும் இல்லத்தில் எதை நீக்குவது, எதை விடுவது என்பதே இந்நூற்பொருள். இதனைக் கல்லாது பெருக்குவோர் தூசியை இடம் மாற்றுவரேயன்றி நீக்கார்.

1. வரையறை. மூச்சுக்குழலின் உட்புறம் முன்னரே வீங்கியிருக்க, அக்குழலை மேலும் சுருக்கி நெஞ்சில் கீச்சொலி எழுப்புவது தூண்டி எனப்படும். வீக்கமே நோய், தூண்டி நோயன்று, நோயை எழுப்புவது. தூண்டி, கிடப்பன, எழுவன, வருவன, உடன்பிறந்தன என நான்காம். பழிசுமந்தன என ஐந்தாவதும் உண்டு. அது தூண்டியன்றாயினும் இல்லத்தார் எண்ணுதலின் யாமும் எண்ணினோம்.

2. கிடப்பன. இவை தூசி, உண்ணி, எச்சம், பூஞ்சை என நால்வகை.

2.1. தூசி, இடத்தான் மூவகை: கட்டிலடித்தூசி, விசிறியிதழ்த்தூசி, பரண்தூசி. இவற்றுள் பரண்தூசி மேலும் இரண்டாகும். பொங்கலை முன்னிட்டுக் கலைவது ஒன்று; பழைய பித்தளைக் குடத்தைத் தேடுகையில் கலைவது மற்றொன்று. பின்னதே கொடிது, முன்னறிவிப்பு இன்றி வருவதாலும், ஏணியைப் பிடித்துக்கொள்ளக் குழந்தையே அழைக்கப்படுவதாலும் என்க. உலர்துடைப்பம் தூசியைக் குழந்தையின் மூக்களவு உயர்த்தும், ஈரத்துணி உயர்த்தாது. ஒட்டடை அடிக்கும் பொழுதில் குழந்தை அண்டைவீட்டில் இருத்தல் முறை.

2.2. உண்ணி. ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமுள்ள இவ்வுயிரி, நம் உடலினின்று உதிரும் தோலைத் தின்னும். நீர் பருகாது, காற்றின் ஈரத்தை உடலால் ஈர்க்கும். ஒவ்வாமை தருவது பெரிதும் அதன் கழிவே. வீட்டுத்தூசியின் குற்றம் இவ்வுண்ணியைச் சாரும் என 1964இல் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர் காட்டினர். இதன் உறைவிடம் தலையணை, மெத்தை, கரடிப்பொம்மை. கரடியோ மூன்று: கண்ணாடி அலமாரியில் நிற்கும் காட்சிக்கரடி, அத்தை பிறந்தநாளுக்குக் கொணரும் விருந்துக்கரடி, இரவில் அணைக்கப்படும் உறங்குகரடி. முன்னிரண்டும் அகற்றத்தக்கன. மூன்றாவது அகற்றப்படின் அழுகை எழும்; அழுகையும் தூண்டியாதலின் (6 காண்க), அதனை ஒரு முழுநாள் குளிர்ப்பெட்டியின் உறைதட்டில் கிடத்திப் பின் துவைக்க. உறைதல் உண்ணியைக் கொல்லும்; துவைத்தல் கழிவை நீக்கும். படுக்கைவிரிப்பைக் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைக்க.

2.3. எச்சம் கரப்பானுடையது, பூஞ்சை மழைக்காலச் சுவருடையது. இரண்டும் அலமாரியின் பின்புறத்தே காணப்படும். அலமாரி நகர்த்தப்படாமையின் காணப்படா.

3. எழுவன. இவை வழிபாட்டுப்புகை, தாளிப்புப்புகை, காவற்புகை, மறைபுகை என நான்கு. சாம்பிராணி முதலது, எண்ணெயில் விழுந்த வரமிளகாய் இரண்டாவது. காவற்புகையாவது கொசுவத்திச்சுருள். ஒரு சுருள் எரிந்து முடிகையில் எழும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் நுண்துகளுக்கு நிகர் என 2003இல் வெளிவந்த ஆய்வொன்று அளந்தது. கொசுவலை புகையாது. மறைபுகை, தந்தை மாடிக்குச் சென்று விடுவது. அவர் இறங்கி வருகையில் அது சட்டையோடும் மீசையோடும் உடன் இறங்கும்.

4. வருவன. தடுமன், பனி, பூந்தாது, போகிப்புகை, தீபாவளி வெடி. சிறார்க்கு இவற்றுள் தலையாயது தடுமன். பள்ளி திறந்த சின்னாளில் வரும். கைகழுவல் இதற்குக் காப்பு.

5. பழிசுமந்தன. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு. அவ்வவ்வுணவில் ஒவ்வாமை உடையார்க்கன்றி ஏனையோர்க்கு இவை தூண்டியாகா. ஆயினும் மாலை ஆறு மணிக்கு வாழைப்பழம் மறுக்கப்பட்டு, ஆறரைக்குச் சுருள் கொளுத்தப்படும் இல்லங்கள் உள. அஃது ஏனெனின், சுருளுக்குக் காப்புரையாளர் உண்டு, பழத்திற்கு இல்லை. காப்புரையாளர் நால்வர்:

5.1. தொன்மை காட்டுவோர்: "நாங்கள்லாம் இந்தப் புகையிலதான் வளர்ந்தோம்."

5.2. சிறுமை காட்டுவோர்: "ஒரு சிட்டிகைதானே, ஒண்ணும் ஆகாது."

5.3. இடம் காட்டுவோர்: "சன்னலைத் திறந்துதானே வச்சிருக்கேன்."

5.4. அச்சம் காட்டுவோர்: "இன்ஹேலர் பழகிடும்." இவர் தூண்டியைக் காப்பதோடு மருந்தையும் தடுத்தலின் நால்வருள் வலியர். இவர்க்கு விடை எண்ணால் தருக: தணிப்பு மருந்தாகிய சால்பியூட்டமால், இன்ஹேலரின் ஓர் அழுத்தில் 100 மைக்ரோகிராம், விழுங்கும் சிறுவில்லையில் 2 மில்லிகிராம், அஃதாவது இருபது மடங்கு. முன்னது நேரே மூச்சுக்குழலை அடையும். பின்னது உடலெங்கும் சுற்றி வரும்.

தூண்டியை நீக்கல் எளிது. காப்புரையாளரை இசைவித்தலே அரிது. ஆதலின் துணி நனைக்குமுன் அவரோடு பேசுக.

6. உடன்பிறந்தன. ஓட்டம், சிரிப்பு, அழுகை. இவற்றுள் முன்னிரண்டிற்கு மேற்கூறிய விலக்குமுறை எதுவும் பொருந்தாது. சிரித்தால் இரைப்பு எழுமாயின், குறைக்கத்தக்கது சிரிப்பன்று. தடுப்பு மருந்து நாள்தோறும் எடுக்கப்படுகிறதா, ஸ்பேசர் எனும் இடைக்குழல் வழியே செவ்விதின் இழுக்கப்படுகிறதா என ஆராய்ந்து, மருத்துவரிடம் உரைக்க. ஓட்டத்திற்குச் சான்று: இளமையிலிருந்தே ஈளைநோய் உடைய பாலா ராட்கிளிஃப் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 மணித்துளி 25 நொடியில் ஓடி, பெண்டிருள் உலக முதன்மை பெற்றார்.

இனி, "ஓடாதே, இழுக்கும்" என்று திண்ணையினின்று கூவும் முதியோரைத் தூண்டியுள் அடக்குவதா எனின், அடக்கற்க. அவர் 5.4இன் கிளையினர், ஆயினும் அக்கூவலால் குழந்தை அழுமாயின், அழும் அளவும் 6இன் வகையினர்.